பேப்பர் கட்டிங்

அந்த வீட்டில் குப்பைக்கென்று ஐந்து தொட்டிகள் இருந்தன. ஐந்துக்கும் ஐந்து நிறம். எந்தத் தொட்டியில் எதைப் போட வேண்டும் என்று வீட்டுக்காரர் வாய் கிழியப் பேசுவார். தன் கையால் எதையாவது எடுத்து எதிலாவது போட்டிருக்கிறாரா என்று கேட்டால், அது மட்டும் கிடையாது. பால் கவரைக் கழுவுவது, கழுவியதைக் கொடியில் கிளிப் மாட்டி உலர்த்துவது, காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கி மக்கவைக்கும் டிரம்மில் போட்டுக் கிளறுவது, டிரம்மில் புழு நெளிந்தால் காய்ந்த இலையைத் தூவி மூடுவது, ஜாம் பாட்டிலை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டுவது எல்லாம் அவர் மனைவியின் வேலை. அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு நாள் முழுக்க மிதிப்பவள். அந்த மெஷினை விட்டு எழுந்துதான் இத்தனையும் செய்தாக வேண்டும்.

வீட்டுக்காரர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். குடியிருப்புச் சங்கம் குப்பை ஒழிப்புப் பொறுப்பை யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடியபோது, இவர் தானாகத் தலையை நீட்டினார். அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடி மாடியாக ஏறி, கதவு கதவாகத் தட்டி, வாழ்க்கையில் குப்பையே சேராமல் வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். கட்டடத்தில் அவருக்குக் குப்பை மந்திரி என்று பெயர் விழுந்தது. அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளத் தெரியாமல் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுல ஒரு மாசத்துக்கு ஒரு கைப்பிடிக் குப்பைதான் வெளிய போகுது" என்று அவர் கூட்டத்தில் சொன்னதைப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னபோது, தையல்காரி டிரம்மைக் கிளறிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் நாற்றம். நம்ம வீட்டுல என்ற வார்த்தையை நினைத்து நினைத்து அவளுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிக்கனம் என்பது அவளுக்குப் புதிது இல்லை. தையல் வேலையில் இருப்பவர்கள் துணியின் ஓரத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள். மிஞ்சிய துண்டில் பாக்கெட் வரும், அதிலும் மிஞ்சினால் பட்டனுக்கு உறையாகும், அதற்கும் சிறியது தலையணைக்குள் போகும். பழைய சட்டையின் பட்டன்களை அவள் எறிந்ததே கிடையாது. இதற்கெல்லாம் நிறம் போட்ட தொட்டி தேவைப்பட்டதில்லை, கைதட்டலும் தேவைப்பட்டதில்லை.

பேப்பர் கட்டிங்கும் அப்படித்தான். ஒருவருக்கு முதல்முறை அளவெடுத்ததும் அவள் நேரே துணியில் கத்திரி வைக்க மாட்டாள். பழைய செய்தித்தாளில் வரைந்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை ஒன்று, காலர் ஒன்று என்று வெட்டிக்கொள்வாள். அந்தத் தாளைத் துணி மேல் வைத்துத்தான் துணியை வெட்டுவது. அடுத்தமுறை அதே ஆள் வந்தால் டேப்பைத் தொட வேண்டியதில்லை. தாளை எடுத்தால் போதும். ஒவ்வொரு தாளிலும் நீலப் பென்சிலால் குறிப்பு இருக்கும். தபால்காரர், வலது தோள் இறக்கம். கண்ணாடிக் கடைக்காரர், வயிறு கூடிக்கொண்டே போகிறது, மடிப்பு விட்டுத் தை. இப்படி. ஒரு ஆளின் தாள்களை ஒன்றாகச் சுருட்டி, துணிக்கரையால் கட்டி, கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் நிற்கவைத்திருந்தாள். வருஷக்கணக்காகச் சேர்ந்த உடம்புகள் அந்தப் பெட்டியில் இருந்தன.

அதில் மூன்றாவது மாடி டீச்சருடையதும் இருந்தது.

டீச்சர் தனியாக வசிப்பவள். உடம்பு சரியில்லை, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் பல மாதம் கழித்துத் திரும்பினாள். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அது கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தையல்காரியிடம் மட்டும் சொன்னாள், அதுவும் வேறு வழியில்லாமல். பழைய உடை எதைப் போட்டாலும் ஒரு பக்கம் தொய்ந்து காட்டிக்கொடுத்தது. அன்று கதவைத் தாழிட்டு அளவெடுத்தபோது டீச்சர் சுவரைப் பார்த்து நின்றாள். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இன்னொரு தடவை என்னால இப்படி நிக்க முடியாது. இதுதான் கடைசி" என்றாள்.

இன்னொரு தடவை தேவையே இல்லை, எல்லாம் தாளில் இருக்கும் என்று தையல்காரி வாக்குக் கொடுத்தாள். வெட்டி மிஞ்சிய மெல்லிய பருத்தித் துண்டுகளையெல்லாம் பஞ்சு போல் பிரித்து, அதைத் திணித்து ஒரு சின்னப் பை தைத்தாள். உடைக்கு உள்ளே அதை வைத்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. டீச்சர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் இன்னும் நான்கு உடை வேண்டும் என்று துணி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

ஜிப்பும் நூலும் வாங்க மொத்த விற்பனைக் கடைத் தெருவுக்குப் போன தையல்காரி அன்று திரும்பிவர மாலையாகிவிட்டது. காலைக் கழுவிவிட்டு நேரே டீச்சரின் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். தாளை எடுக்கக் கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். கை சுவரில் முட்டியது.

பெட்டி இருந்தது. தாள் ஒன்றுகூட இல்லாமல், துடைத்துச் சுத்தமாக, உள்ளே வீட்டுக்காரரின் இரண்டு ஜோடிச் செருப்பு வைக்கப்பட்டிருந்தது.

சங்கத்தில் இன்று காகிதப்பை நாள். வீட்டுக்கு வீடு பழைய செய்தித்தாள் வாங்கி, கீழ்த்தளத்துக் கூடத்தில் உட்கார்ந்து பை செய்து, மளிகைக் கடைக்குக் கொடுப்பார்கள். மாலையில் நகராட்சி அதிகாரி வந்து முன்மாதிரிக் கட்டடம் என்று கேடயம் கொடுப்பார். இதை அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. காகிதம் அதிகம் கொடுக்கும் வீட்டுக்குத் தனிப் பரிசு என்றும் சொல்லியிருந்தார்.

செருப்பை எடுத்து வெளியே வீசிவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள்.

கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரே அமர்க்களம். பசை மணம். பெண்களும் ஓய்வுபெற்ற ஆண்களும் சுற்றி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் வெட்டி எறிந்த காகிதத் துணுக்குகள் குவியலாகக் கிடந்தன. அதில் ஒரு வளைந்த துண்டு அவள் கண்ணில் பட்டது. அது ஒரு அக்குள் வளைவு. பைக்குச் சதுரமாக வேண்டும் என்று வளைவுகளையெல்லாம் நறுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் சலவைச் சட்டையில் மேடைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிய வந்தார். நம்ம வீட்டுக்குத்தான் அந்தத் தனிப் பரிசு என்றார். எல்லா வீட்டிலும் கட்டுக்கட்டாகத் தருவார்கள், நம் வீட்டில் பழைய பேப்பரே இல்லையே என்று கவலைப்பட்டாராம். கடைசி நேரத்தில் கதவுக்குப் பின்னால் அவள் வெட்டிப்போட்ட மிச்சம் ஒரு பெட்டி நிறைய இருந்தது ஞாபகம் வந்ததாம்.

"மிச்சமா?" என்றாள்.

"துணி வெட்டும்போது கீழ வைக்கற பேப்பர்தானே. அத்தனையும் கிழிஞ்சது, கோணல்மாணல். என்னத்துக்குச் சேர்த்து வெச்சிருந்த?"

கல்யாணமான நாளிலிருந்து இவர் கண்ணெதிரில்தான் அவள் அந்தத் தாளை வைத்து வெட்டியிருக்கிறாள். இவர் போட்டிருக்கிற இந்தச் சட்டையையும் அப்படித்தான் வெட்டினாள். இவருடைய தாளும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஒருநாளாவது தலையைத் திருப்பி என்ன செய்கிறாள் என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பால் கவரின் பிளாஸ்டிக் எத்தனை வருஷத்தில் மக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டியின் தொழில் தெரியவில்லை. அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டிருப்பாள். ஆனால் அதற்குள் வேறொன்று நினைவில் தட்டியது. டீச்சரின் முன்பக்கத் தாளில் அவள் எழுதிவைத்தது அப்படியே கண்முன் வந்தது. மூன்றாவது மாடி டீச்சர். இடது மார்பு இல்லை. உள்ளே பை வைக்க வேண்டும். தழும்பில் தையல் படக்கூடாது.

அவள் மேசைக்குப் போனாள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டார்கள். என்னுடைய பேப்பர் கலந்துவிட்டது என்றாள். பழைய பேப்பரில் உன்னுடையது என்னுடையது என்று இருக்கிறதா என்று ஒருத்தி சிரித்தாள். தபால்காரரின் தோள் கிடைத்தது. கண்ணாடிக் கடைக்காரரின் வயிறு மூன்று பைகளாகக் கிடைத்தது. நீலப் பென்சில் தெரிந்ததையெல்லாம் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே போனாள். டீச்சருடைய கை கிடைத்தது, காலர் கிடைத்தது. முன்பக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

மத்தியானமே ஒரு கட்டு மளிகைக் கடைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. தெருவைக் கடந்து ஓடினாள். கடைக்காரர் நல்ல மனுஷர். என்ன ஏது என்று கேட்காமல் கட்டைத் தூக்கி அவள் முன்னால் போட்டார். சிலவற்றில் ஏற்கெனவே வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொடுத்தாகிவிட்டது என்றார். அவள் அடியிலிருந்து நுனிவரை பிரித்துப் பார்த்தாள். டீச்சரின் பின்பக்கம் இருந்தது. முன்பக்கம் இல்லை. கொடுத்துவிட்ட பைகளில் அது போயிருந்தால்? யாரோ ஒருத்தி வீட்டில் வெங்காயத்தைக் கொட்டிவிட்டுப் பையைத் திருப்பிப் பார்ப்பாள். அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டுக்கும், அங்கிருந்து படிக்கட்டுக்கும் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? கிடைத்ததை அள்ளிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது விழா ஆரம்பித்துவிட்டது. நாற்காலிகள் நிறைந்திருந்தன. மூன்றாவது வரிசையில், ஓரத்தில், டீச்சர் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபிறகு அவள் நாலு பேர் நடுவில் வந்து உட்காருவது இதுதான் முதல்தடவை. தையல்காரி தைத்துக்கொடுத்த முதல் உடையைப் போட்டிருந்தாள். இவளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தாள்.

மேடையில் அதிகாரியும் சங்கத் தலைவரும் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்திருந்தார். குப்பையைக் குறை, திரும்பப் பயன்படுத்து, புதுசாக்கு என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மாற்றம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். பிறகு, அதிகாரிக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கவென்று இருப்பதிலேயே அழகான பையைக் மத்தியானமே எடுத்துத் தனியாக வைத்தேன் என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை வெளியே எடுத்தார். நல்ல அகலமான பை. அதன் வயிற்றில் நீலப் பென்சில் எழுத்து அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"இது எங்க வீட்டுப் பேப்பர் சார். பாருங்க, என் மனைவி கையெழுத்துகூட இருக்கு" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். "என்னமோ எழுதி வெச்சிருக்கா. மூணாவது மாடி டீ..."

அவள் எப்படி மேடைக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாற்காலி சாய்ந்தது. அவர் கையிலிருந்து பையைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் கண்ணாடி தெறித்து அதிகாரியின் காலடியில் விழுந்தது.

வீட்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. சங்கத் தலைவர் எழுந்து, "என்னம்மா இது, வெளியாள் முன்னாடி" என்றார். சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. இவர் என்ன செய்தார் தெரியுமா, எதை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார் தெரியுமா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இத்தனை பேரும் இவள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். குப்பை மந்திரி தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்த வாக்கியத்தைத்தான் சொல்ல முடியாது.

அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். டீச்சர் கைப்பையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இது என்னோடது" என்றாள் தையல்காரி மைக்கில் படாத குரலில். "கேக்காம எடுத்துட்டு வந்துட்டார்."

பையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி நடந்தாள். பின்னால் சிரிப்பு கிளம்பியது. பழைய பேப்பருக்கா இந்தக் கூத்து என்று ஒரு குரல். புருஷனுக்குப் பேர் கிடைத்தால் சிலருக்குப் பொறுக்காது என்று இன்னொரு குரல், அதுவும் ஒரு பெண்ணின் குரல். அத்தனையும் காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினாள்.

கேடயத்தோடு வீட்டுக்காரர் மேலே வந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். மானம் போய்விட்டது என்றார். அதிகாரியின் முன்னால் ஒட்டுத்துணிகூட இல்லாமல் நிறுத்திவிட்டாய் என்றார். இவள் மடியில் பொறுக்கி வந்தவற்றையெல்லாம் மேசையில் கொட்டி, பசையை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கொஞ்சநேரம் குதித்துவிட்டு அவர் குரலை இறக்கினார். தெரியாமல்தான் எடுத்தேன், அது தேவைப்படும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். பிறகு பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பேப்பர்ல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?"

அவள் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். "குப்பைன்னுதானே எடுத்துட்டுப் போனீங்க. குப்பைல என்ன எழுதியிருந்தா உங்களுக்கென்ன?"

"நான் உன் புருஷன்."

"தெரியும். அதனாலதான் இவ்வளவு நாள் உங்க அஞ்சு தொட்டியையும் கழுவினேன். இனிமே நான் தொடமாட்டேன். டிரம்மைக் கிளறணும், ரெண்டு நாளா கிளறல. பால் கவர் சிங்க்ல கிடக்கு."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்க்கின் முன்னால் நின்றார். கவரை எந்தப் பக்கம் வெட்டினால் உள்ளே கழுவ முடியும் என்று தெரியாமல் சட்டையெல்லாம் புளித்த பாலாக்கிக்கொண்டார். டிரம்மின் மூடியைத் திறந்தவர் ஒருமுறை பால்கனிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தார். தையல்காரி மெஷினிலிருந்து எழவில்லை. உள்ளே கோபம் இன்னும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. மிதிக்க மிதிக்க அது அடங்கும் என்று பார்த்தாள், அடங்கவில்லை.

டீச்சர் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் மேசையருகே போனாள். இஸ்திரி போட்டு நிமிர்த்திய தாள்கள் அங்கே இருந்தன. தன்னுடையது எது என்று அவளுக்குத் தெரிந்தது. முன்பக்கத் தாளில் தோளும் அக்குளும் பைக்காக நறுக்கப்பட்டு, நடுப்பகுதி மட்டும் சதுரமாக மிஞ்சியிருந்தது. அதில் எழுதியிருந்ததை முதன்முறையாக வாசித்தாள். தையல்காரி தலைகுனிந்துகொண்டாள்.

"கீழ எல்லாரும் உங்களைத்தான் பேசிக்கறாங்க" என்றாள் டீச்சர். "பொறாமையாம்."

"பேசட்டும் டீச்சர்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க வாய் மூடியிருக்கும்."

டீச்சர் தாளைத் தடவினாள். இதை வைத்துத் தைக்க வருமா என்று கேட்டாள். வரும், பழகின உடம்பு, கண்ணாலேயே பார்த்து வெட்டிவிடுவேன் என்று தையல்காரி பொய் சொன்னாள். நீங்கள் நிற்க வேண்டாம், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னாள். அந்த வாக்கை யார் உடைத்தது என்று நினைத்ததும் மறுபடி ஆத்திரம் பொங்கியது.

டீச்சர் கைப்பையை மேசையில் வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. தையல்காரியைப் பார்த்து நின்றபடி இடது கையை மெதுவாக மேலே தூக்கினாள்.

"டேப்பை எடுங்கக்கா."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கையில் சொட்டச் சொட்ட ஒரு பால் கவரோடு சமையலறையிலிருந்து வந்தார். இது நீலத் தொட்டியா, மஞ்சள் தொட்டியா என்று கேட்டார். தையல்காரி எழுந்து போனாள். அவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள்.

"மைக்ல சொன்னீங்களே, ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கதவை அவர் முகத்துக்கு நேராகச் சாத்தித் தாழ் போட்டாள்.

டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். கோபம் கொஞ்சம் இறங்கும்வரை காத்திருந்தாள். டீச்சரும் கையை இறக்காமல் காத்திருந்தாள். பிறகு அளவெடுத்தாள். ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனதில் போட்டுக்கொண்டாள். புதுத்தாளை விரித்து வரைந்து வெட்டி முடித்தபிறகும் அதில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நீலப் பென்சில் மேசையிலேயே கிடந்தது. கதவுக்கு வெளியே அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். கவரிலிருந்து தண்ணீர் சொட்டுவது உள்ளே கேட்டது.